பத்து லட்சம் முடிச்சுகள்

துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, இறந்துபோன கணவனின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூடிய கதவுக்கு வெளியே நாத்தனாரின் வாய் ஓயவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள்.

"ஹார்ட்தான் நின்னுபோச்சு. தம்பிக்கு நான் குடுத்த கிட்னி கடைசிவரைக்கும் ஒழுங்கா வேலை செஞ்சுதுன்னு டாக்டரே சொன்னார்."

இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இழவு வீட்டிலுமா பெருமை?

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் ஒரு தாளில் வரைந்து காட்டியிருந்தார். ஒரு சிறுநீரகத்துக்குள் ஏறத்தாழ பத்து லட்சம் முடிச்சுகள். கண்ணுக்கே தெரியாத ரத்தக்குழாய்ச் சுருள்கள். ரத்தம் அழுத்தத்தோடு உள்ளே போகும்போது தண்ணீரும் உப்பும் கழிவும் கசிந்துவிடும். சிவப்பணுவும் புரதமும் ரத்தத்திலேயே தங்கிவிடும். கசிந்ததில் உடம்புக்கு வேண்டியதை நுண்குழாய்கள் திரும்ப வாங்கிக்கொள்ள, மிச்சம்தான் சிறுநீர். அவனுடைய முடிச்சுகள் தழும்பேறிக் கெட்டுப்போயிருந்தன. "என்னோடத எடுத்துக்குங்க" என்று முதலில் சொன்னவள் இவள்தான். பொருந்தவில்லை. அக்காவுடையது பொருந்தியது.

அன்றிலிருந்து அவன் உடம்பில் ஓடிய ரத்தமெல்லாம் அந்த அக்காவைக் கேட்டுவிட்டுத்தான் போய்வந்தது. உப்புக் குறைத்துச் சமைத்தது, வேளைக்கு மாத்திரை கொடுத்தது எல்லாம் இவள். மகராசி என்று பேர் வாங்கியது அவள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

கதவைத் திறந்துகொண்டு நாத்தனார் உள்ளே வந்தாள். வெளியே இருந்த பேச்சு இப்போது இல்லை.

"ஒரு தடவ தொட்டுக்கட்டுமா?"

"எத?"

அவனுடைய அடிவயிற்றின் வலப்பக்கத்தைக் காட்டினாள். தழும்புக்கு அடியில் லேசான மேடு.

"எத்தனையோ வாட்டி கேக்கணும்னு வந்திருக்கேன். உன் புருஷனாச்சே, நீ என்ன நெனப்பியோன்னு விட்டுட்டேன்."

இவள் நகர்ந்து இடம் விட்டாள். நாத்தனார் உள்ளங்கையை அங்கே வைத்தாள்.

"சில்லுன்னு இருக்கு. நீ தொட்டுப் பாத்திருப்பல்ல? கதகதப்பா இருக்குமா?"

ஆபரேஷன் புண் ஆறிய நாளிலிருந்து இவள் அவனுக்கு இடப்பக்கமே படுத்தவள். ஒருமுறை அவனே கையைப் பிடித்து அங்கே வைக்கப் போனபோது இழுத்துக்கொண்டவள்.

"தொட்டுக்கிட்டுதான் தூங்குவேன் அண்ணி," என்றாள். "நல்லா சூடா இருக்கும்."

நாத்தனார் தலையாட்டினாள். கையை எடுக்கவில்லை. இவள் அவனுக்குப் போட வேண்டிய சட்டையை எடுத்து, பொத்தான்களைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தாள்.