பின்னால் இழுப்பவள்

லூர்துமேரி எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லத் தொடங்கி ஒரு வருடமாகிறது. கணவர் இறந்துபோனபிறகு அந்த டீச்சரம்மா தங்கமாக மாறிவிட்டார் என்றார்கள் திண்டிவனத்தில் அவள் தெருக்காரர்கள். அவள் தோழி பிரபாவதிக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வந்தது. தங்கத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? அவளுக்குத் தன் பழைய சண்டைக்காரி வேண்டும்.

இருவரும் திண்டிவனத்துப் பெண்கள்தான். விழுப்புரத்தில் கணக்குப் படித்து, அங்கேயே ஆராய்ச்சியிலும் சேர்ந்து, காலை பாசஞ்சர் ரயிலில் ஒன்றாகப் போய் வந்தவர்கள். எடுத்துக்கொண்ட விஷயம் நரம்பு செல். அதற்குள் நீளமான பாதைகள் உண்டு. அவற்றின்மேல் மோட்டார் புரதங்கள் என்னும் மூலக்கூறுகள் சரக்கை இழுத்துக்கொண்டு நடக்கும். வேடிக்கை என்னவென்றால், ஒரே சரக்கை முன்னால் இழுக்க ஒரு கூட்டம், பின்னால் இழுக்க இன்னொரு கூட்டம். சரக்கு எந்தப் பக்கம், என்ன வேகத்தில் போகும் என்பதைச் சமன்பாட்டில் பிடிப்பதுதான் அவர்கள் வேலை.

பிரபாவதி அவசரக்காரி. ஒரு யோசனை தோன்றிவிட்டால் பேரணி ஸ்டேஷன் வருவதற்குள் முடிவையே எழுதிவிடுவாள். லூர்துமேரி வேகவைத்த வேர்க்கடலையை, அவர்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டையை, உரித்துக்கொண்டே "தப்பு" என்பாள். விக்கிரவாண்டி தாண்டும்போது பெட்டியே திரும்பிப் பார்க்கும். முன்னாடி எத்தினி, பின்னாடி எத்தினி என்று இருவரும் கத்துவதைக் கேட்ட பூக்கார அம்மா ஒருநாள், "நெலத்தைப் பாதி பாதியா பிரிச்சிக்கினு போங்களேம்மா" என்று பஞ்சாயத்துப் பண்ணினாள்.

பிறகு பிரபாவதி கல்லூரி வேலை கிடைத்து விழுப்புரத்திலேயே தங்கிவிட்டாள். லூர்துமேரி ஊரிலேயே பள்ளிக்கூட டீச்சரானாள். சண்டை மட்டும் போனில் நடந்தது, போன வருடம் வரைக்கும்.

அன்று மதியம் புதுக் கட்டுரையோடு திண்டிவனம் வந்தாள் பிரபாவதி. பத்தாவது படிக்கிற பிள்ளைகூடப் பிடித்துவிடும் இரண்டு பிழைகளை வேண்டுமென்றே அதில் வைத்திருந்தாள். லூர்துமேரி ஒவ்வொரு தாளாகப் படித்தாள்.

"நல்லா வந்துக்குதுடி."

"முழுசா பாத்தியா?"

"பாத்தேன். எல்லாம் சரியாத்தான் இருக்குது. அனுப்பிடு."

தாள்களைத் திருப்பி வாங்கவும் பிரபாவதிக்கு மனம் வரவில்லை. சாயங்கால பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அழுதுவிட்டாள். செத்துப்போன அந்த மனுஷன் தன் தோழியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்றே நினைத்தாள். வண்டி நகர்ந்து கொஞ்ச தூரம் போனபின் போன் அடித்தது.

"அந்த ரெண்டும் என்னை டெஸ்ட் பண்ண நீ போட்டது. எனக்குத் தெரியாதா?" என்றாள் லூர்துமேரி.

"அப்ப ஏன்டி சொல்லல?"

"என்மேல பாவம் பாத்துக்கினு வந்தவகிட்ட என்னா சண்டை போடறது? ஆனா மூணாவது ஒண்ணு இருக்குது. அது உனக்கே தெரியாம விழுந்தது. அதை வெச்சிக்கினு என்னால சும்மா உக்கார முடியல."

"எங்க?"

"கடைசித் தாள்ல. பின்னாடி இழுக்கறதையெல்லாம் எடுத்துட்டா சரக்கு முன்னாடி ஜோரா ஓடும்னு எழுதிக்கிறே. ஓடாது. நெஜ நரம்பு செல்லுலயே எடுத்துப் பாத்துக்கிறாங்க. முன்னாடி போறதும் சேந்து படுத்துக்குது."

"அதெப்படி? எதிர்க்க இழுக்க ஆளே இல்லன்னா ஜல்தியாத்தான போவணும்?" பிரபாவதியின் குரல் உயர்ந்தது. எதிர் சீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"தப்பு."

ஒரு வருடமாகக் கேட்காத சொல். பிரபாவதி அழுத கண்ணைத் துடைக்காமலே சிரித்துவிட்டாள். வண்டி மயிலத்தில் நின்றது. பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"இரு, திரும்பி வர்றேன். வந்து உனக்குப் புரிய வெக்கிறேன்."

"வா, வா," என்றாள் லூர்துமேரி. "மல்லாட்டை வேகப்போடறேன்."