ஜனாதிபதிக்கு வாங்கிய மாலை

என் கணவர் தில்லையம்பலம் ஸ்காபரோவில் ஒரு சங்கத்துக்குத் தலைவர். ஊர்ச் சங்கம் என்று நினைத்துவிடாதீர்கள், அதற்குத் தலைவர்மார் வேறு வரிசையில் நிற்கிறார்கள். இது, எழுபதுகளில் ஆபிரிக்காவில் புதிதாகச் சுதந்திரம் பெற்ற ஒரு குடியரசுக்குப் படிப்பிக்கப் போன தமிழ் ஆசிரியர்களின் சங்கம். அந்த நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அதற்கும் ஒரு கண்டன அறிக்கை விடுவார்கள்.

அந்த நாட்டை இதுவரை இரண்டு ஜனாதிபதிகள் ஆண்டிருக்கிறார்கள். முதலாமவர் சுதந்திரம் வாங்கித் தந்தவர் தானே என்று சொல்லிச் சொல்லி, தலை நரைக்கும்வரை கதிரையை விடவில்லை. தொண்ணூற்றொன்றில் சனங்கள் வாக்குப் போட்டு அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டாமவர் வந்து பழைய சிறைகளைத் திறந்துவிட்டார், வெள்ளையடித்தார், பிறகு தன்னை எதிர்த்தவர்களைக் கொண்டுபோய் அதே சிறைகளில் போட்டார். அது அந்தச் சனங்களின் தலைவிதி. எங்கள் ஆட்களுக்கு அதில் என்ன வேலை? சொந்த ஊரில் குண்டு விழுகிறது என்று ஓடிவந்து, இங்கே பனிக்குள் நின்று செக்கியூரிற்றி வேலை பார்க்கிற இந்தப் பெரிய மனிதர்கள், அந்த இரண்டு பேருக்காகவும் இரண்டாகப் பிரிந்தார்கள். முதலாமவரின் கட்சிக்கு என் கணவர் தலைவர். இரண்டாமவரின் கட்சிக்கு நீக்கிலாஸ் மாஸ்டர் தலைவர். இரண்டு கூட்டமும் நடப்பது ஒரே பிளாசாவில், ஒரே மண்டபத்தில்தான்.

"அவர் ஆமிக்காரன் இல்லையப்பா. கோட்டுப் போட்ட சிவிலியன். புத்தகம் வாசிக்கிற மனுசன்" என்று முதலாமவரைப் பற்றி இவர் அடிக்கடி சொல்லுவார். கோட்டுப் போட்டவன் அடிக்கச் சொன்னால் அடி நோகாது என்று நினைப்பு.

இவருக்கு இந்தப் பக்தி வந்த கதை சின்னது. ஒருமுறை அந்த முதலாவது ஜனாதிபதி, இவர் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்கு வந்து, வரிசையில் நின்ற எல்லாருக்கும் கை கொடுத்தார். இவருக்குக் கொடுக்கிற நேரம் பார்த்து யாரோ படம் எடுத்துவிட்டார்கள். அந்தப் படம் சட்டம் போடப்பட்டு, எங்களோடு நாடு நாடாக அலைந்து, இப்போது எங்கள் அப்பார்ட்மென்ற் ஹோலில் தொங்குகிறது. ஜனாதிபதி கமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். இவர் ஜனாதிபதியைப் பார்த்துச் சிரிக்கிறார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் சீமோன் படித்தான். அந்த நாட்டுப் பெடியன், கணக்கில் வலு கெட்டிக்காரன். பாடம் கேட்க வீட்டுக்கு வந்தால் என் கையால் புட்டுச் சாப்பிடாமல் போகமாட்டான். ஒருநாள் சுவரில் மாலையோடு இருந்த என் மாமனாரின் படத்தைக் காட்டி, இவர் யார் என்று கேட்டான். செத்தவர்களின் படத்துக்குத்தான் நாங்கள் மாலை போடுவோம் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினேன்.

பிறகு ஜனாதிபதி மற்றக் கட்சிகளையெல்லாம் தடை செய்தார். பெடியன்கள் ஊர்வலம் போனார்கள். பொலிஸ்காரர் பள்ளிக்கூட விடுதிக்குள் புகுந்து சீமோனை இழுத்துக்கொண்டு போனதை நாங்கள் இருவரும் வாசலில் நின்று பார்த்தோம். அவனை விட்டபோது முதுகில் தோல் இல்லை. தன் கிராமத்துக்குப் போக வலுவில்லாமல் எங்கள் வீட்டில்தான் குப்புறக் கிடந்தான். நான் மருந்து போட்டேன். இவர் யன்னலைச் சாத்திவிட்டு வந்து, "ஜனாதிபதிக்கு உது தெரிஞ்சிருக்காது" என்றார்.

அந்தச் சீமோன்தான் போன வருடம் ரொறன்ரோவுக்கு அகதியாக வந்து சேர்ந்தான். இரண்டாவது ஜனாதிபதியும் அவனை உள்ளே போட்டிருந்தார். அவனுடைய அகதி விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை. முதல்முறை பிடித்ததைக் கண்ணால் கண்டவர் யாராவது வந்து சொன்னால்தான் மற்றதையும் நம்புவார்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று லோயர் சொல்லியிருந்தார்.

அவன் முதலில் நீக்கிலாஸ் மாஸ்டரிடம் போனான். அவரும் அப்போது அங்கே படிப்பித்தவர். தன் ஜனாதிபதியான இரண்டாமவரைக் குறை சொல்கிறவனுக்குச் சாட்சி சொல்லமாட்டேன் என்று அவர் கதவைச் சாத்திவிட்டார். பிறகு எங்களிடம் வந்தான்.

"நீக்கிலாஸ் மாட்டன் எண்டவரோ? அப்ப நான் வாறன்" என்றார் இவர். அவன் முதுகு இவருக்கு நினைவில்லை, நீக்கிலாஸின் மூஞ்சிதான் நினைவில் இருந்தது. எதுவென்றாலும் பெடியன் தப்பினால் சரி என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

விசாரணைக்கு முந்திய சனிக்கிழமை எங்கள் வீட்டில் ஒரே அமளி. பழைய ஜனாதிபதி அமெரிக்காவில் எங்கோ சொற்பொழிவுக்கு வந்திருந்தார். அவர் எங்கள் வீட்டில் தேநீர் குடிக்க ஒத்துக்கொண்டார் என்று இவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். கழுத்தில் போட, ரோசாவும் சாமந்தியும் வைத்துக் கட்டிய பெரிய மாலை வந்தது. சங்கத்து ஆட்கள் கோட்டும் ரையும் கட்டிக்கொண்டு சோபாவில் நெருக்கி இருந்தார்கள். மத்தியானத்துக்குப் பிறகு ரெலிபோன் வந்தது. ஜனாதிபதி வரமாட்டாராம். ஏன் என்று சொல்லக்கூட அங்கே ஆளில்லை.

வடையும் ஆறிப்போனது. இவர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"வீணாக்கக் கூடாது. படத்துக்குப் போடுவம்."

"உயிரோடை இருக்கிற ஆளின்ரை படத்துக்கு மாலை போடுறதோ?" என்று கேட்டேன்.

"நீர் சும்மா இரும். இது மரியாதை."

கதிரையில் ஏறித் தன் கையாலேயே போட்டார். படித்த மனிதர்கள் எல்லாரும் எழும்பி நின்று கை தட்டினார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் நான் குசினிக்குள் போனேன்.

அந்த நேரம்தான் சீமோன் வந்தான். செவ்வாய்க்கிழமை எங்கே சந்திப்பது என்று கேட்க வந்தவன், படத்தைக் கண்டதும் அப்படியே நின்றான். முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் குந்தினான். அழுதான், சிரித்தான், கடவுளுக்கு நன்றி சொன்னான். குசினியிலிருந்து வந்த என்னை நிமிர்ந்து பார்த்து, "மேடம், அவர் எப்போது செத்தார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

நான்தான் பக்கத்தில் போய், அவர் சாகவில்லை என்று சொன்னேன். அந்த முகத்தில் இருந்த வெளிச்சம் போனதை என்னால் மறக்க முடியாது.

இவர் அவனை வாசல்வரை விரட்டினார். செவ்வாய்க்கிழமை என்னை எதிர்பார்க்காதே என்று லிஃப்ற் வரைக்கும் கேட்கக் கத்தினார்.

"அவனைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். அங்கை போனா உயிரோடை விடமாட்டாங்கள்" என்றேன்.

"என்ரை வீட்டுக்குள்ளை நிண்டு எங்கடை ஜனாதிபதியின்ரை சாவைக் கொண்டாடுறான். எனக்குக் கொள்கை எண்டு ஒண்டு இருக்கு."

இவரோடு இத்தனை வருடம் சண்டை பிடித்திருக்கிறேன், கோபப்பட்டிருக்கிறேன். அருவருப்பு வந்தது அன்றைக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை நான் போனேன். பஸ்ஸும் சப்வேயும் பிடித்து, தனியாக. லோயர் என்னைப் பார்த்துத் திகைத்துவிட்டு, உடனே ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு ஒழுங்கு செய்தார். விசாரித்த அதிகாரி ஒரு வெள்ளைக்காரப் பெண். ஆசிரியராக இருந்தவர் உங்கள் கணவர்தானே, அவர் ஏன் வரவில்லை என்று கேட்டார்.

"அவர் சங்கத் தலைவர். அவருக்கு இதுக்கெல்லாம் நேரமில்லை."

அந்த முதலாவது ஜனாதிபதியைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன என்று கேட்டார்.

"எனக்கு ஜனாதிபதியைத் தெரியாது. இவன்ரை முதுகைத் தெரியும். இடப்பக்கத் தோளுக்குக் கீழை ஒரு காயம் கன நாள் ஆறாமல் சீழ் வடிஞ்சது. சட்டையைக் கழட்டச் சொல்லுங்கோ, தொட்டுக் காட்டுறன்."

அவர் கழட்டச் சொல்லவில்லை. பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சீமோனைப் பார்த்தார். அன்றைக்கே ஏற்றுக்கொண்டார்கள். வெளியே வந்து சீமோன் என் கையைப் பிடித்தபடி நின்றான்.

வீட்டுக்கு வந்தேன். ஹோலில் மாலை வாடி, இதழ்கள் சோபாவில் உதிர்ந்து கிடந்தன. கூட்டி அள்ளினேன், மாலையைத் தொடவில்லை. இவர் வேலை முடிந்து செக்கியூரிற்றி யூனிபோமோடு வந்தார்.

"எங்கை போனனீர்?"

"சீமோனுக்குச் சாட்சி சொல்ல. அவனை ஏற்றுக்கொண்டிட்டினம்."

முகம் கறுத்துப்போனது. சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"உந்த மாலையை ஏன் இன்னும் கழட்டேல்லை? ஆக்கள் கண்டா என்ன நினைப்பினம்? அவர் உயிரோடையல்லோ இருக்கிறார்."

"படத்திலை ரெண்டு பேர் நிக்கினம்" என்றேன். "மாலை ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கிடக்கு."

கழற்றுவதற்குக் கதிரையை இழுத்தவர், அதன்மேல் ஏறவில்லை. அதிலேயே இருந்துவிட்டார். நான் அவருக்குத் தேத்தண்ணி போடப் போகவில்லை.