மருமகனுக்கு இன்னொரு கிழங்கு

ஆடு கிழங்கு தின்னுமா என்று நான் கேட்டதில் என்ன பிழை? குழையும் புல்லும் தின்கிற ஆட்டைத்தான் நான் கண்டிருக்கிறேன். டென்மார்க்கில் ஹேர்னிங் நகருக்கு வெளியே வீட்டோடு ஒரு துண்டு நிலம் வாங்கி, அதில் ஆறு செம்மறி மறிகளை, பெட்டை ஆடுகளை, கொண்டுவந்து விட்ட என் கணவர் நித்தியானந்தனோ, குளிர்காலத் தீவனத்துக்கென்று பாதி நிலத்தில் பீற்றூட் விதைத்துவிட்டார். நாங்கள் கறிவைக்கிற சிவப்புப் பீற்றூட் அல்ல. மஞ்சள் தோலும் தலையளவு பருமனுமாக, பாதி உடம்பு மண்ணுக்கு மேலே தெரிய நிற்கிற சாதி. ஐப்பசியில் கிண்டிக் குவித்து, வைக்கோலால் மூடி, மேலே மண் போட்டு வைத்தோம்.

எதையும் ஏன், எப்படி என்று கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. முதல் கிழங்கை உருட்டிவிட்டபோது ஆடுகள் பின்வாங்கி ஒன்றுக்குப் பின்னால் ஒன்று ஒளிந்தன. மறுநாள் ஒருத்தி மூக்கால் தள்ளிப் பார்த்தாள். பிறகு கடித்தாள். பிறகென்ன, வாளிச் சத்தம் கேட்டாலே ஆறும் கத்தத் தொடங்கிவிடும். பல் தேய்ந்த கிழவிக்கு மட்டும் சீவிப் போடவேண்டும். மற்றவை உள்ளே குடைந்து குடைந்து தின்று, தோலைத் தேங்காய்ச் சிரட்டைபோல் விட்டுவைக்கும். வேலைக்கு நேரமாவதையும் மறந்து பார்த்துக்கொண்டு நிற்பேன்.

கிடாய் எங்களுடையதல்ல. பக்கத்துப் பண்ணை அக்செலுடையது. வருடக்கணக்காக வெறும் தலையசைப்போடு நிறுத்திக்கொண்ட மனிதர், இந்த முறை தானாகவே வந்து, "உங்கள் மறிகள் குட்டி போடட்டும். என் கிடாயைக் குளிர்காலம் முடியும்வரை வைத்திருங்கள்" என்றார். கண்காட்சியில் பரிசு வாங்கிய கிடாய். அவருடைய மந்தைக்கே தகப்பன். என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை.

"வீட்டுக்கு வந்த மருமகனப்பா," என்றார். "ஒரு குறையும் வைக்கக்கூடாது."

மருமகன் என்று ஒருவரைச் சொல்லிவிட்டால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? சாப்பாட்டுத் தட்டைக் கையால் மறைத்தாலும் விரலிடுக்கால் கறி விழும். மறிகளுக்குக் காய்ந்த புல்லும் அளவாகக் கிழங்கும். கிடாய்க்கோ தனித் தடுப்பு, காலையும் மாலையும் வாளி நிறையக் கிழங்கு.

"அது போதுமெண்டு நிக்குதப்பா," என்பேன்.

"வெக்கத்திலை நிக்குது," என்பார் இவர், இன்னொன்றை வெட்டிப் போட்டுக்கொண்டே.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் போய்ப் பார்த்தால், கிழங்கு போட்டது போட்டபடியே கிடக்கிறது. கிடாய் கால்களை முன்னும் பின்னும் அகட்டி, வாலைத் தூக்கி, முக்கி முக்கி நின்றது.

"செமியாக்குணம்," என்றார் இவர். "இஞ்சி இடிச்சுக் குடுப்பம்."

நான் கீழே கிடந்த வைக்கோலைப் பார்த்தேன். நான் வேலை செய்வது முதியோர் இல்லத்தில். காலையில் அங்கே நாங்கள் கேட்கிற முதல் கேள்வியே மூத்திரம் போனதா என்பதுதான். வைக்கோலை அள்ளிப் பிடித்தேன். சொட்டு ஈரமில்லை.

"இஞ்சேருங்கோ, இது எப்ப மூத்திரம் போனது?"

"அதை ஆர் பாத்தது?"

மிருக வைத்தியரைக் கூப்பிட்டேன். அடுத்து அக்செலுக்கு எடுக்கப் போக, இவர் கையைப் பிடித்தார்.

"இப்ப ஏனப்பா அந்தாளுக்கு? சுகமான பிறகு சொல்லுவம்."

"செத்த பிறகோ?" என்று சீறிவிட்டு எண்ணை அழுத்தினேன்.

வைத்தியர் ஓர் இளம்பெண். வந்தவுடன் வாளியைத்தான் பார்த்தார். "கிடாய்க்குமா இதைக் கொடுத்தீர்கள்?"

இந்தக் கிழங்கிலுள்ள உப்பு மூத்திரத்தில் மணலாகத் திரளுமாம். மறிகளுக்கு வழி அகலம், கழுவிக்கொண்டு போய்விடும். கிடாயின் குழாய் ஒடுக்கம். போதாததற்கு நுனியில் நூல் மாதிரி ஒரு வால். கல் அங்கே போய் அடைத்துக்கொள்ளும். விட்டால் மூத்திரம் நிரம்பிச் சலப்பை வெடித்துவிடும். இவர் காய்ந்த புல்கட்டின்மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

ஆறு மறிகளும் அதே கிழங்கைத் தின்று கொழுத்து நிற்க, இவன் மட்டும் ஏன் என்ற என் கேள்விக்குப் பதில் அந்த நூல் நுனியில் இருந்தது. கிடாயைக் குந்தவைத்து நான் பிடித்துக்கொள்ள, வைத்தியர் அதை வெளியே இழுத்துக் காட்டினார். ரவைக் குருணி அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. இத்தனை பெரிய மிருகத்தை இந்தத் துணுக்கா விழுத்தியது! அந்த நேரத்திலும் குனிந்து பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. அவர் நுனியை நறுக்கினார்.

"இது இல்லாமல் இனிக் குட்டி பிறக்குமா?"

"பிறக்கும். ஆனால் மேலே இன்னும் கல் இருந்தால் என்னால் ஒன்றும் செய்ய இயலாது. காத்திருப்போம்."

அக்செல் ஆடேற்றும் ட்ரெய்லரைக் காரில் கொளுவிக்கொண்டுதான் வந்திருந்தார். இவர் எழுந்து போய், உடைந்த டெனிஷில், "நான்தான் கொடுத்தேன். வாளி வாளியாகக் கொடுத்தேன்" என்றார். நாலு பேரும் ஒரு கிடாயின் வயிற்றுக்குக் கீழே கண்ணை வைத்துக்கொண்டு நின்றோம். வேறு நாளென்றால் நான் சிரித்திருப்பேன்.

ஒரு துளி விழுந்தது. சிவப்பு. இன்னொன்று. பிறகு நூல்போல ஒழுகி, தடைப்பட்டு, மறுபடி வந்து, கடைசியில் குழாயைத் திறந்துவிட்டதுபோல் பாய்ந்தது. வைக்கோலிலிருந்து ஆவி எழும்பியது. நான் வாய்விட்டு அழுதேன்.

இவர் தலையைத் தொங்கப்போட்டபடி போய், கிடாயை ஏற்றுவதற்காகத் தடுப்பின் படலையைத் திறந்தார். அக்செல் அதைத் திரும்பச் சாத்தினார்.

"என் கொட்டிலில் எண்பது ஆடு. தனித்தனியே யார் கவனிப்பது? அங்கே நின்றிருந்தால், நாளைக் காலையில் இவன் செத்துக் கிடப்பதைத்தான் நான் கண்டிருப்பேன்" என்றார். "புல்லை மட்டும் கொடுங்கள். இவன் இங்கேயே நிற்கட்டும்."

வெறும் ட்ரெய்லர் கடகடத்துக்கொண்டு தெருவுக்கு ஏறி மறையும்வரை இவர் கைகூப்பியபடியே நின்றார்.