பிச்சுவா முருகையாவின் மகன்

கோலா சாவா பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பிறந்த புவனேஸ்வரனுக்கு ஐம்பத்தாறு வயதில் சொத்து என்று இருந்தவை ஒரு தரை வீடு, ஒரு பழைய மோட்டார் சைக்கிள், அப்பாவின் பட்டப்பெயர். மூன்றில் பட்டப்பெயர்தான் நன்றாக ஓடியது. ‘பிச்சுவா முருகையா மகன்’ என்பதால் லுக்குட் டவுன் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் தர்மராஜ் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு இவர் மோட்டாரைத்தான் முதலில் பார்ப்பான். கோயில் கூட்டத்தில் இவர் தொண்டையைக் கனைத்தால் தலைவர் உட்கார்ந்துவிடுவார். இத்தனைக்கும் புவனேஸ்வரன் யாரையும் அடித்ததில்லை. அந்தப் பெயர் அதற்கு அவசியமே வைக்கவில்லை.

அதே பெயர்தான் இப்போது மகள் லோகேஸ்வரியின் கல்யாணத்துக்குக் குறுக்கே வந்து நின்றது.

மாப்பிள்ளையின் அப்பா ஹேமநாதன் மம்பாவிலிருந்து வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பெண் பார்த்து, ஜாதகம் பார்த்து, எல்லாம் சரி என்றான பிறகு நம்மவர்கள் செய்யும் கடைசி வேலை ஊரில் விசாரிப்பது. விசாரித்துவிட்டார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க. ஒங்க அப்பாவ ஏன் பிச்சுவான்னு கூப்புட்டாங்க? லுக்குட்ல கேட்டா, யோசிச்சு செய்யுங்கன்னு சொல்றாங்க லா.”

புவனேஸ்வரன் இரண்டு நாளாகக் கைப்பேசியில் தேடித் தயாராக இருந்தார்.

“அது பழைய சொல்லுங்க. வடக்கேருந்து வந்தது. அந்தப் பக்கம் தேளுக்கு உள்ள பேரு. தேள் கொடுக்கு மாதிரி வளைஞ்ச கத்தி. மராட்டிய சிப்பாய்ங்க இடுப்புல சொருகியிருப்பாங்களாம். கத்தி வந்தப்ப பேரும் கூடவே வந்து நம்ம பாஷையில தங்கிருச்சு. அரமனச் சொல்லுங்க.”

ஹேமநாதன் யோசித்தார். “கத்தின்னுதான் பயந்தேன். இப்ப தேளும் இருக்கா?”

சமையலறை வாசலில் லோகேஸ்வரி நின்றிருந்தாள். சின்ன வயதிலிருந்து அப்பாவிடம் எதையும் கேட்டு அடம் பிடிக்காத பெண், இந்தப் பையனை மட்டும்தான் கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் புவனேஸ்வரன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

“எங்கப்பா யாரையும் குத்துனதில்லங்க.”

“அப்புறம்?”

“குத்த முடியல.”

மனைவியிடம்கூடச் சொல்லாததை அன்று சொன்னார். அந்த எஸ்டேட்டில் ஐந்து முருகையாக்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், எஸ்டேட் குமாஸ்தாவான கிராணி ‘முருகையா’ என்று கூப்பிட்டால் ஐந்து பேரும் கை தூக்குவார்கள். அதனால் ஆளுக்கொரு அடையாளம் போட்டுப் பெயர் எழுதுவது வழக்கம். நான்கு பேருக்கு அமைந்துவிட்டது. இவர் அப்பாவுக்கு மட்டும் அமையாமலே இருந்தது.

அந்த வருஷம் மாரியம்மன் திருவிழா நாடகத்தில் அப்பாவுக்குத் தளபதி வேஷம். கடைசியில் பிச்சுவாவை உருவிக் கொடுமைக்கார ராஜாவைக் குத்த வேண்டும். ரப்பர் மரத்தில் செதுக்கி, சிகரெட் பெட்டி ஈயத்தாள் சுற்றிய பிச்சுவா. விழுந்துவிடக் கூடாதென்று இடுப்போடு இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார்கள். அப்பா உருவினார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். ராஜா நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றார். ஆர்மோனியக்காரர் அதே மெட்டை மூன்று முறை வாசித்தார். நான்காவது முறை தொடங்கியதும் ராஜா பொறுமையிழந்து தானாகவே செத்தார்.

மறுநாள் பெரட்டில் கிராணி, “பிச்சுவா முருகையா” என்று கூப்பிட்டார்.

நாடகம் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். பெயர் மட்டும் மிஞ்சியது. கேட்டவர்கள் பயந்தார்கள். பயப்படட்டும் என்று புவனேஸ்வரன் விட்டுவிட்டார்.

சொல்லி முடித்தபோது அவருக்குக் கூச்சத்தில் காது சுட்டது. ஹேமநாதன் தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

“ராஜா தானாவே செத்துட்டாரா?”

“ஆமாங்க.”

“பாவம், அவரும் எவ்ளோ நேரந்தான் நிப்பாரு.” கோப்பையைக் கீழே வைத்தார். “ஆவணியில ஒரு நாள் பாத்துருவோம்.”

லோகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். புவனேஸ்வரனுக்கு அவ்வளவு சந்தோஷம். ஹேமநாதனை அவருக்குப் பிடித்துப்போனது. ஆனால் ஹேமநாதன் ஒரு நல்ல கதையை மனதில் பூட்டி வைக்கக்கூடியவர் அல்ல.

கல்யாணக் கார்டு அச்சாகி வந்த வாரம், புவனேஸ்வரன் கார்டோடு லுக்குட் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். தர்மராஜ் கையைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டான்.

“அண்ணே, ராஜா தானா செத்துட்டாராமே?”

“கல்யாணத்துக்கு வந்துரு.”

“வரேன் லா. மோட்டாருக்கு என்னா?”

“பிரேக் புடிக்கல.”

“முன்னாடி மூணு பேரு இருக்காங்கண்ணே. அந்தப் பெஞ்சுல உக்காருங்க.”

புவனேஸ்வரன் திரும்பிப் பார்த்தார். இருபது வருஷமாக வந்துபோகிற கடை. அங்கே ஒரு பெஞ்சு இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.