கள்ள உத்தரவு

என் மனைவி சசிரேகா சந்தோஷமாகப் போன் செய்தால் நான் மருந்துப் பையைத் தேடுவேன். அவள் குன்னூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கிருமிகளோடு குடித்தனம் நடத்துகிறவள். நான் கட்டபெட்டில் மாட்டு டாக்டர். ஒரு கிருமி புதிதாக ஏதாவது கெட்டிக்காரத்தனம் காட்டினால் அவளுக்கு அன்றைக்குத் தீபாவளி. எனக்கோ யாருடைய மாடோ படுத்துவிட்டது என்று அர்த்தம்.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் அவள் போனில் மூச்சுவிடாமல் பேசியது சுகுணாவின் மாட்டைப் பற்றி.

"ஏனுங்க, மருந்துல முங்கிக் கெடந்தும் ஒண்ணுகூடச் சாகலைங்க. அத்தனை செல்லும் ஜம்முனு இருக்குது."

சுகுணாவுக்குக் கட்டபெட்டில் துண்டு நிலத்தில் தேயிலையும், சிட்டு என்று ஒரு ஜெர்சி மாடும் உண்டு. புருஷன் இல்லை. மகள் கோயமுத்தூரில் நர்சிங் படிப்பது சிட்டுவின் பாலில்தான். கீழே அன்னூர்ப் பக்கமிருந்து வாங்கி வந்த மாடு அது. கூடவே உண்ணியும் இலவசமாக மலையேறி வந்துவிட்டது. உண்ணி கடித்தால் அதன் எச்சிலோடு ஓர் ஒட்டுண்ணி மாட்டுக்குள் போகும். சிட்டுவுக்குக் காய்ச்சல் கொதித்தது, தோளுக்கு முன்னால் தேங்காய் அளவுக்குக் கட்டி வீங்கியது. அந்தக் கட்டியிலிருந்து ஊசியால் கொஞ்சம் நீர் எடுத்து சசிரேகாவிடம் கொடுத்துவிட்டு, அதே கையோடு மருந்தையும் போட்டேன். நாட்கள் போயின. காய்ச்சல் அசையவில்லை. சிட்டு படுத்தது, எழவே இல்லை. அந்த நீரிலிருந்த செல்களைச் சசிரேகா கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, அதே மருந்தை ஊற்றியிருந்தாள். மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்பதை அந்தக் குடுவைதான் சொல்லவேண்டியிருந்தது.

இந்த ஒட்டுண்ணி செய்கிற அக்கிரமத்தைச் சொன்னால்தான் என் கோபம் புரியும். மற்ற கிருமிகள் எல்லாம் உடம்பின் காவல்காரனைக் கண்டால் ஓடி ஒளியும். இது நேராகக் காவல்காரன் வீட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். அதாவது, ரத்தத்தின் வெள்ளை அணு என்கிற செல்லுக்குள். உடம்புக்கு ஆபத்து வந்தால் அந்த அணுவுக்குள் ஒரு செய்தி கைமாறிக் கைமாறி அதன் உட்கரு வரைக்கும் போகும்: பெருகு, சாகாதே, சண்டைக்குத் தயாராகு. ஆபத்து தீர்ந்ததும் செய்தி நின்றுபோகும், வேலை முடிந்த அணுவும் செத்துப்போகும். உள்ளே உட்கார்ந்திருக்கிற ஒட்டுண்ணி அந்தச் செய்தியை நிறுத்தவே விடாது. தானே கள்ளத்தனமாக உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கும். பாவம், அந்த அணு அதை உடம்பின் கட்டளை என்று நம்பிப் பெருகும். அது இரண்டானால் ஒட்டுண்ணியும் இரண்டாகிவிடும். கட்டி தேங்காய் அளவுக்கு வீங்குவது இப்படித்தான்.

ஒட்டுண்ணியை மருந்து கொன்றால் உத்தரவு நிற்கும், அணுவும் சாகும். மருந்துக்குள்ளும் அணு சாகவில்லை என்றால் ஒட்டுண்ணி சாகவில்லை என்றுதான் சசிரேகா கணக்குப் போட்டாள். தன்னுடைய ஏதோ ஒரு புரதத்தின் வடிவத்தை மாற்றிக்கொண்டு அது மருந்தை ஏமாற்றுகிறது, இந்த மலையில் இதை யாருமே பார்த்ததில்லை என்று குதித்தாள்.

"அப்ப சிட்டு?" என்றேன்.

வேறு மருந்து இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

நல்ல சேதியெல்லாம் அவளுக்கு, கெட்ட சேதியைச் சுமக்கிற வேலை எனக்கு. சாயங்காலம் சுகுணா வீட்டுக்குப் போய் மருந்து பிடிக்கவில்லை என்று சொன்னேன். அவர் ஈரத்துணியால் சிட்டுவின் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இன்னொரு ஊசி போட்டால் என்ன என்று மட்டும் கேட்டார். பிரயோஜனமில்லை என்றேன். மாட்டு வியாபாரி சுரேந்திரன் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். பந்தலூர்க்காரன், எல்லை தாண்டிக் கேரளாவுக்கு அடிமாடு ஏற்றுகிறவன். மறுநாள் காலையில் அவனை வரச் சொல்லப்போவதாகச் சுகுணா சொன்னார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக் கதவைத் திறக்கும்போதே போன் அடித்தது.

"ஏனுங்க, நான் ஒரு முட்டாளுங்க" என்றாள் சசிரேகா. கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயிலிருந்து நான் கேட்டிராத வாக்கியம். அதையும் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

முந்தின நாள் அவள் அணுக்களை வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறாள். மனசு கேட்காமல் சாயங்காலம் கொஞ்சத்தை எடுத்துச் சாயம் போட்டு வைத்துவிட்டு, விடிந்ததும் போய்ப் பார்த்தாள். மருந்து படாத குடுவையில் ஒவ்வொரு அணுவுக்குள்ளும் ஒட்டுண்ணி ஊதாப் புள்ளிகளாகக் கும்மாளமிட்டது. மருந்து பட்ட குடுவையிலும் அணுக்கள் முழுசாகத்தான் இருந்தன. உள்ளே ஒட்டுண்ணி மட்டும் நொறுங்கித் தூளாகிக் கிடந்தது.

"அது செத்துப்போச்சுங்க. கடைசியாப் போட்ட உத்தரவுலயே இந்தச் செல்லுக இன்னும் ஓடிட்டிருக்குது. இப்பத்தான் ஒண்ணொண்ணா உதிர ஆரம்பிச்சிருக்கு. அதே மருந்துதானுங்களே சிட்டுக்கும் போட்டீங்க? விட்டுறாதீங்க."

எனக்கு அத்தனை சந்தோஷம். மாட்டுக்குள்ளும் இதேதான் நடந்திருக்க வேண்டும். ஒட்டுண்ணி போய்ச் சேர்ந்துவிட்டது, அது கிளப்பிவிட்ட ஆர்ப்பாட்டம்தான் இன்னும் அடங்கவில்லை. சுகுணாவுக்குப் போன் போட்டேன், மணி அடித்து அடித்து நின்றது. சுரேந்திரனும் எடுக்கவில்லை. குளுக்கோஸ் பாட்டில்களைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

தொழுவத்தில் கயிறு மட்டும் கிடந்தது. சுகுணா பின்னால் தேயிலைக்குள் நின்று, செடிகள் என்னமோ தப்பு செய்துவிட்ட மாதிரி கொழுந்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"வண்டி இப்பத்தானுங்க போச்சு" என்றார், திரும்பாமலே.

ஏறுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார், போகிற வழியில் சொல்கிறேன் என்றேன். ஊட்டி ரோட்டில், ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டு, வெள்ளை அணு, கள்ள உத்தரவு, ஊதாப் புள்ளி எல்லாவற்றையும் காற்றுக்கு மேல் கத்திக் கத்திச் சொன்னேன். எதிரே வந்த பஸ் டிரைவர் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டதென்றே நினைத்திருப்பார்.

ஒரு வளைவில் டீக்கடை முன்னால் அந்த லாரி நின்றிருந்தது. அதைப் பார்த்ததும் நான் போட்ட சத்தத்தில் சுரேந்திரன் டீயைச் சிந்திக்கொண்டான். சேதியைக் கேட்டதும் அவனுக்கு எரிச்சல். ஏற்றவே ஆள் பிடிக்க வேண்டியிருந்தது, நேற்றுக் கைவிட்டது நீங்கள்தானே என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை.

சுகுணா லாரிக்குள் எட்டிப் பார்த்தார். மற்ற மாடுகளின் கால்களுக்கு நடுவே சிட்டு சரிந்து கிடந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நேத்து சாகும்னீங்க. இன்னைக்குப் பொழைக்கும்ங்கறீங்க. நான் எதைங்க நம்பறது?"

பைக்கில் அவ்வளவு கத்தியவன் இப்போது மெதுவாகச் சொன்னேன்.

"நேத்து நாங்க அவசரப்பட்டுட்டோம், சுகுணாக்கா. செல்லு உசுரோட இருக்கறதைப் பாத்து, உள்ள இருக்கற கிருமியும் உசுரோட இருக்குதுன்னு நெனச்சுட்டோம். மாடு எந்திரிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா கிருமி செத்துருச்சு. அதை என் சம்சாரம் கண்ணால பாத்துட்டா."

சுகுணா சுரேந்திரன் பக்கம் திரும்பினார்.

"எறக்குங்க" என்றார்.

பலகை போட்டு, கோணிகளை விரித்து, டீக்கடையில் இருந்தவர்களையும் கூட்டிச் சிட்டுவை இறக்கினோம். முனகிக்கொண்டே வந்தாலும் பாதிப் பாரம் சுரேந்திரனின் தோளில்தான் இறங்கியது. லாரி போய்விட்டது. ரோட்டோரப் புல்லில் படுத்த மாடு, அதன் தலையை மடியில் வைத்த சுகுணா, டீக்கடைக் கூரையில் தொங்கும் குளுக்கோஸ் பாட்டில், பக்கத்தில் நான். ஊட்டிக்குப் போகிற கார்க்காரர்கள் எல்லாம் வேகத்தைக் குறைத்து எங்களை வேடிக்கை பார்த்தார்கள். சசிரேகா போன் செய்துகொண்டே இருந்தாள். அங்கே குடுவை காலியாகிக்கொண்டு வருகிறதாம், அவளுடைய அரிய கண்டுபிடிப்பும் சேர்ந்தே காலி. அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. எழுந்துவிட்டதா, எழுந்துவிட்டதா என்று ஒரே நச்சரிப்பு. எழுந்தால் நான் சொல்லமாட்டேனா என்று எரிந்து விழுந்தேன். உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது. சொன்னது இரண்டாம் தடவையும் பொய்த்தால் சுகுணாவை எப்படி நிமிர்ந்து பார்ப்பேன்?

வெயில் மேற்கே சாய்ந்தது. இரண்டாவது பாட்டில் முடிகிற சமயம், சிட்டுவின் கழுத்துக்குள் ஏதோ ஓர் உருண்டை கீழிருந்து மேலே ஏறியது. தாடை ஒரு பக்கமாக நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது.

"டாக்டருங்க" என்று சுகுணா என் கையைப் பிடித்தார். "அசை போடுதுங்க."

படுத்த மாடு அசை போட்டால் அது பிழைக்க முடிவு செய்துவிட்டது என்று அர்த்தம். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவும் தோன்றவில்லை. அந்த நேரம் பார்த்து மறுபடி போன் அடித்தது. நான் எடுத்து வாயைத் திறப்பதற்குள் சுகுணா அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"அம்மணி, இதைக் கேளுங்க" என்று சொல்லிப் போனைச் சிட்டுவின் வாயோரம் வைத்தார்.

மொறுக், மொறுக் என்று சிட்டு மென்றது. குடுவையில் மட்டுமே அந்த மாட்டை அறிந்திருந்த என் மனைவி மறுமுனையில் கேட்டுக்கொண்டே இருந்தாள். சுகுணாவும் போனை அங்கிருந்து விலக்கவில்லை.