யாரு நெஞ்சுல படிச்ச?

சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டே தம்பி உள்ளே வந்தான். டோக்கன் வாங்கிக் காத்திருந்தவர்கள் முறைத்தால் அவனுக்கென்ன, இதய டாக்டருக்குக் கூடப்பிறந்தவன்! மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் வந்தானாம், மற்றபடி கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறானாம். டாக்டரக்கா கட்டிலைக் காட்டினாள்.

அந்த நெஞ்சு அவளுக்குப் புதிதல்ல. மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து ஸ்டெதாஸ்கோப் வாங்கிய புதிதில், வீட்டில் அகப்பட்ட ஒரே நோயாளி இவன்தான். பள்ளிக்கூடப் பயல் சும்மா படுப்பானா? ஒரு தடவை கேட்க, ஒரு வீட்டுக்கணக்கு போட்டுத் தர வேண்டும். லப், அதை ஒட்டிக் குட்டியாய் ஒரு டிக், பிறகு டப். நல்ல இதயம் இப்படித்தான் பேசும் என்று கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்தாள்.

வாய்மொழித் தேர்வில் அதை அப்படியே ஒப்பித்ததும் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நார்மல் ஹார்ட்ல ஏதும்மா டிக்? யாரு நெஞ்சுல படிச்ச நீ?"

பக்கத்தில் நின்ற மாணவர்கள் சிரித்தார்கள். மானம் போயிற்று. அப்புறம் வார்டு வார்டாக அலைந்து, கிடைத்த நெஞ்சிலெல்லாம் கேட்டுக் கேட்டுக் காதைத் திருத்திக்கொண்டாள். மேற்படிப்பு, பட்டம், சுவரில் மாட்டிய பதக்கம் எல்லாம் வந்தன. கோளாறு தன் காதில்தான் என்று முடிவு கட்டியிருந்ததால், தம்பியை இன்னொரு தடவை படுக்கவைத்துக் கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

இப்போது வைத்துக் கேட்டாள். லப். அதை ஒட்டி அதே டிக். அதன் பின்னால், முன்பு இல்லாத ஒரு சொரசொரப்பான இரைச்சல். பிறவியிலேயே சரியாக அமையாத வால்வு, வருடக்கணக்கில் இறுகிக்கொண்டே வந்திருக்கிறது. எவ்வளவு என்று எக்கோ எடுத்தால்தான் தெரியும். ஆபரேஷன் வரை போகும் என்று காது சொல்லிவிட்டது. அவள் அதை முகத்தில் காட்டவில்லை, அதுவும் பயிற்சிதான்.

"என்னக்கா இவ்ளோ நேரம்? நீ படிச்ச நெஞ்சுதானே," என்றான் தம்பி. "அப்பவே நல்லா இருக்குன்னு நீதானே சொன்ன?"

"ஆமா. நான்தான் சொன்னேன்."

ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் பேச வேண்டியிருக்கும்.

"மூச்ச வெளிய விட்டுட்டு அப்படியே இரு."

வீட்டுக்கணக்குக்காகப் படுத்த நாட்களில் செய்ததுபோலவே, மோவாயைத் தூக்கி, கையைப் பக்கவாட்டில் ஒட்டிவைத்துக்கொண்டு, அக்கா போதும் என்று சொல்வதை எதிர்பார்த்து அவன் மூச்சடக்கிக் கிடந்தான்.