கை தெரியாத கதவு

டீக்கடையில் டம்ளரைக் கையில் வாங்கினால்கூட சகாயநாதன் முதலில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். விளிம்பில் கீறல் கண்டால் வேறு கேட்பான். டீ மாஸ்டர் அவனை வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு வேறு கொடுப்பார். இது அவனுக்குப் பிறவிக் குணமில்லை, உத்தியோகம் ஒட்டவைத்த குணம். ஓசூர் சிப்காட்டில் பைக்குகளுக்குப் பெட்ரோல் டேங்க் செய்து கொடுக்கும் கம்பெனி ஒன்றில், பெயிண்ட் அடித்து வரும் டேங்குகளைக் கண்ணால் பார்த்துக் கழிக்கிற வேலை அவனுக்கு. தலைக்கு மேல் டியூப்லைட் வரிசை. கொக்கியில் தொங்கியபடி டேங்குகள் ஊர்ந்து வரும். தூசு, கொப்புளம், வழிசல் என்று எது தெரிந்தாலும் மஞ்சள் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். வட்டம் விழுந்தால் ரிஜெக்ட்.

அப்படிக் கழிந்ததில் சிலவற்றைத் திம்மராயன் சின்ன பிரஷ்ஷால் தொட்டுச் சரிசெய்து திரும்ப அனுப்புவார். தாடி நரைத்த மனிதர், வீட்டில் தெலுங்கும் லைனில் தமிழும் பேசுகிறவர். அவர் பிரஷ் தடம் மயிரிழை தெரிந்தாலும் சகாயநாதன் மறுபடி வட்டம் போடுவான்.

"உனக்கு இருக்கறது கண்ணாப்பா, பூதக்கண்ணாடியா?" என்பார் அவர்.

"கை தெரியுதுண்ணே. கை தெரியக்கூடாது."

ஊரில் இருந்தவரை அவனும் கை உள்ளவன்தான். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் வைக்கிற பெத்லகேம் மலையையும் வானத்தையும் கோயிலில் அவனைத்தான் வரையச் சொல்வார்கள். கம்பெனிக்கு வந்தபிறகு அந்தக் கை வட்டத்தைத் தவிர எதையும் போடவில்லை. அடுத்தவன் செய்ததை ஆகாது என்று சொல்லியே வயது முப்பதைத் தாண்டிவிட்டது. நாமாக ஒன்றையும் செய்யாமலே போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்ற பயம் அவனை அரித்துக்கொண்டிருந்தது. மனைவி அற்புதமேரியிடம்கூட அதைச் சொன்னதில்லை. சொன்னால் அழுதுவிடுவோம் என்று வெட்கம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அனிமேஷன் சொல்லிக்கொடுக்கும் சென்டர் ஒன்று திறந்தபோது, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு போய்ச் சேர்ந்தான். அங்கே பாடம் எடுத்த மோகனப்ரியா அவனைவிடப் பத்து வயது இளையவள். அவன் அவளை மேடம் என்பான், அவள் அவனை அண்ணா என்பாள். மற்ற மாணவர்கள் எல்லாம் மீசை அரும்பிய பையன்கள். வகுப்பில் அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால் மகனைச் சேர்க்க வந்த அப்பா மாதிரிதான் இருக்கும்.

கம்ப்யூட்டர் கேமில் வரும் வீடு, கதவு, பெட்டி எல்லாம் முதலில் சாம்பல் நிற வெற்று உருவங்கள். பரிசுப்பெட்டிக்குக் காகிதம் சுற்றுவதுபோல அவற்றின்மேல் சுற்றுகிற படத்துக்கு டெக்ஸ்சர் என்று பெயர். போட்டோ எடுத்து ஒட்டுகிறவர்கள் உண்டு. மரத்தின் ரேகை, இரும்பின் துரு, விளிம்பில் படும் வெளிச்சம் எல்லாவற்றையும் கையாலேயே வரைகிறவர்களும் உண்டு. மோகனப்ரியா இரண்டாவது கட்சி. சகாயநாதனும் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டான்.

முதலில் மரப்பெட்டி ஒன்று வரைந்து காட்டினான். அவள் திரையை இப்படியும் அப்படியும் சாய்ந்து பார்த்தாள்.

"அண்ணா, இது மரமா, பிளாஸ்டிக் டப்பாவா?"

"மரந்தான் மேடம். பிரஷ் தடம் தெரிஞ்சுது. அதான் தேச்சு வுட்டேன்."

"அதைத் தேச்சுட்டா இங்க மிச்சம் என்னா இருக்கு? ஒரு ஆள் உக்காந்து வரைஞ்சிருக்கான்னு தெரியணும். கை தெரியணும்ணா."

கம்பெனியில் எதற்காகச் சம்பளம் கொடுத்தார்களோ அதை இங்கே மறக்கச் சொன்னார்கள். அவனால் சட்டென்று முடியவில்லை. நிறங்களைத் தேய்த்துக் குழைக்கிற பட்டன் ஒன்று உண்டு, அதில் ஒரு விரலின் படம் போட்டிருக்கும். அவன் கை தன்னையறியாமல் அதற்கே போகும். "விரலைத் தொடாதீங்கண்ணா!" என்று அவள் அடுத்த வரிசையிலிருந்தே கத்துவாள், பையன்கள் சிரிப்பார்கள். மழைக்காலம் போய், பனிக்காலமும் போனபிறகுதான் ஒரு கோட்டைப் போட்டுவிட்டு அதைப் போட்டபடியே விட்டுவிட அவனுக்கு மனசு வந்தது.

கோடை பிறந்ததும் மோகனப்ரியா ஒரு செய்தியோடு வந்தாள். பெங்களூரில் கேம் கம்பெனி ஒன்றில் அவளோடு படித்தவள் வேலை செய்கிறாள். அங்கே கையால் வரைகிற ஆள் ஒருவர் தேவை. டெஸ்ட் அனுப்பியிருக்கிறார்கள், பழைய இரும்புக் கதவு ஒன்று வரைந்து கொடுக்க வேண்டும்.

"உங்க பேரைத்தான் சொல்லிருக்கேன். ஒருதடவ அனுப்புனா அவ்ளோதான், அதே ஆளை மறுபடி பாக்க மாட்டாங்க. பாத்துப் பண்ணுங்கண்ணா."

சென்டரின் பென் டேப்லெட்டையும் அவளே எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பலகைமேல் பேனாவால் வரைந்தால் திரையில் கோடு விழும். சாமியாடி கையில் வேல் கிடைத்தமாதிரி அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

அவனுக்கு அந்த வாரம் இரண்டாம் ஷிப்ட், காலையெல்லாம் வீட்டில் இருப்பான். அது கரண்ட் சொல்லாமல் கொள்ளாமல் போய்க்கொண்டிருந்த வருஷம். வீட்டில் இருந்தது செகண்ட்ஹேண்டில் வாங்கிய கம்ப்யூட்டர், அதற்கு யுபிஎஸ் வாங்க வழியில்லை. ஒருமுறை அரைமணி நேர வேலை அப்படியே போனதில் பதறிப்போய், ஒவ்வொரு கோட்டுக்கும் ஒருதடவை சேவ் பண்ணப் பழகிக்கொண்டான். பேனா வலது கையில், சேவ் பட்டன் இடது கையில். ஒரே ஃபைல், ஒரே பெயர்.

துருவைப் பற்றி அவனுக்குத் தெரியாததா? வெல்டிங் வைத்த ஓரத்தில் எப்படி முளைக்கும், தண்ணீர் தேங்கும் மூலையில் எப்படிப் பரவும், பெயிண்டுக்கு அடியில் எப்படி ஒளிந்திருக்கும் என்று எல்லாம் தெரியும். இத்தனை காலம் வட்டம் போட்டு விரட்டியதையெல்லாம் உட்காரவைத்து விருந்து போட்டான். தாழ்ப்பாளைச் சுற்றி ஆயிரம் கைகள் பட்டுத் தேய்ந்த பளபளப்பு. கீழே யாரோ காலால் எட்டி உதைத்த நசுங்கல். கோடுகள் தடதடவென்று விழுந்தன, ஒன்றையும் அவன் தேய்க்கவில்லை.

அற்புதமேரி காப்பி கொண்டுவந்தவள் அப்படியே நின்றாள். விரலால் திரையில் துருவைத் தொட்டாள். பிறகு, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க, கையில ஒட்டிக்கும் போல இருக்குதே!"

சகாயநாதன் அவள் விரலையே பார்த்தான். அவன் வாழ்க்கையில் அன்று காலை ஒன்றுதான் அப்படி விடிந்த காலை.

அன்று மதியம் ஷிப்டுக்குப் போனால் சூப்பர்வைசர் ஒரு டேங்கை மேசைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பைக் கம்பெனியிலிருந்து திரும்பி வந்தது. திம்மராயனின் பிரஷ் தடம் பக்கவாட்டில் பட்டப்பகலாய்த் தெரிந்தது. சகாயநாதன் பார்த்து அனுப்பியது.

"கண்ணை எங்கய்யா அடகு வெச்ச? இதுகூடத் தெரியலன்னா நீ எதுக்கு, ஒரு பல்பைத் தொங்கவுட்டாப் போதாதா?"

லைன் முழுக்க அவனையே பார்த்தது. உண்மையில் அந்தத் தடத்தை அவன் பார்த்திருந்தான். பார்த்தபோது அது தப்பாகத் தோன்றவில்லை, அழகாகத் தோன்றியது. அதைச் சூப்பர்வைசரிடம் சொல்ல முடியுமா? அன்று ஷிப்ட் முடிகிறவரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். நல்ல டேங்குகள்மேல்கூட வட்டம் போட்டான்.

மறுநாள் கதவை அனுப்ப வேண்டும். அனுப்புமுன் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாமே என்று உட்கார்ந்தான். உட்கார்ந்தது நேற்று வரைந்த சகாயநாதன் இல்லை, லைனில் திட்டு வாங்கிய சகாயநாதன். மேல் மூலையில் ஒரு கோடு சற்றே வெளியே போயிருந்தது. அந்த ஓர் இடத்தை மட்டும் என்று விரல் பட்டனைத் தொட்டான். தேய்த்தான், சேவ் பண்ணினான். அது சரியானதும் பக்கத்திலிருந்தது பளிச்சென்று தப்பாகத் தெரிந்தது. தேய்த்தான், சேவ் பண்ணினான். துருவின் விளிம்பு கரடுமுரடாக இருந்தது. தாழ்ப்பாள் பக்கம் நிறம் திட்டுத்திட்டாக நின்றது. அப்படியே விடுகிறவன் எவனாவது இருப்பானா? பதினோரு மணிக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டான். கதவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மனசு லேசாகிவிட்டது.

"மேரி, வந்து பாரு."

அவள் வந்து பார்த்தாள். இந்தமுறை திரையைத் தொடவில்லை.

"நல்லா இருக்குதுங்க" என்றாள்.

சிடியில் ஏற்றிக்கொண்டு பிரௌசிங் சென்டருக்குப் போய் அனுப்பினான். வெளியே வந்து ஒரு டீ குடித்தான். டம்ளரைத் திருப்பிப் பார்க்கக்கூட இல்லை.

பதில் மோகனப்ரியாவுக்குத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து பையன்கள் போனபிறகு அவனை உட்காரச் சொல்லி, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னாள். வேலை மிகவும் சுத்தமாக இருக்கிறது, ஆனால் நாங்கள் தேடுவது கையால் வரைகிறவரை. அவ்வளவுதான் எழுதியிருந்தார்கள். அதன்பிறகு அவன் அனுப்பிய கதவைத் திரையில் திறந்தாள்.

"அண்ணா... இதுல நீங்களே இல்லையே."

"மொதல்ல இருந்தேன் மேடம்."

"அந்த ஃபைல் இருக்குதா? அதைக் குடுங்க, நான் கெஞ்சியாவது காட்டறேன்."

இல்லை என்று தலையாட்டினான். ஒவ்வொரு கோட்டையும் கரண்டுக்குப் பயந்து சேவ் பண்ணினானே, அவ்வளவும் முதல் கதவை அழித்துக்கொண்டு அதே ஃபைலின்மேல்தான் விழுந்திருந்தது. அவள் பேர் சொல்லி அனுப்பியதும் வீண். பென் டேப்லெட்டைத் துண்டிலிருந்து பிரித்து மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தான். அடுத்த வாரம் வருவதாகச் சொன்னான். இருவருமே அதை நம்பவில்லை.

அன்று சோறு இறங்கவில்லை. அற்புதமேரி அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அன்னிக்கே பாத்தேங்க. கதவு புதுசாயிப் போச்சேன்னு நெனச்சேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்க அவ்ளோ சந்தோசமா இருந்தீங்க. எனக்கு என்னா தெரியும், அதுதான் சரி போலன்னு இருந்துட்டேன்."

அவள்மேல் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. தன்னைக் கழித்தது தானேதான் என்று தெரிந்தபிறகு யார்மேல் கோபப்படுவது?

மறுநாள் காலை ஷிப்ட். டியூப்லைட்டுகள் எரிந்தன, கொக்கிகள் நகர்ந்தன. திம்மராயன் சரிசெய்து அனுப்பிய சிவப்பு டேங்க் ஒன்று அவன் முன்னால் வந்தது. பக்கவாட்டில், மூடிக்குக் கீழே, அவர் பிரஷ் தொட்ட தடம். மெல்லத் தொடங்கி, நடுவில் தைரியமாகி, கடைசியில் கை நடுங்கி நின்றிருந்தது. ஒரு ஆள் இங்கே நின்றிருக்கிறான் என்று அது சொன்னது. இந்த லைனில் அவன் பார்த்ததிலேயே அழகான கோடு அதுதான்.

அதை விட்டுவிட வேண்டும் என்று சகாயநாதனுக்கு உயிர் துடித்தது. பின்னால் சூப்பர்வைசரின் செருப்புச் சத்தம் கேட்டது. கை அதற்குள் சாக்பீஸை எடுத்து வட்டத்தைப் போட்டு முடித்திருந்தது.

கொக்கியிலிருந்து டேங்கை இறக்க வந்த திம்மராயன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடினார்.

"எனக்கு ஒண்ணும் காணமேப்பா. இன்னுமா தெரியுது?"

"தெரியுதுண்ணே. நல்லாத் தெரியுது."

அவர் டேங்கைத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்தது வந்து நின்றது.